அந்த டாக்டருக்கு என்ன படிக்கணும்?

(ராயகிரியில் நடந்த கூட்டமைப்பு மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமாக நான் பேச எழுந்தால் சேமிப்பு, உள்கடன், வங்கித் தவணை என்றுதான் ஆரம்பிப்பேன். "இந்தப் பிள்ளை மைக்கைப் பிடிச்சா கணக்குப் புத்தகத்தத்தான் எடுக்கச் சொல்லும்" என்று பின்னால் ஒரு பெரியம்மா சொல்வது எனக்கும் கேட்கத்தான் செய்கிறது. இன்றைக்குக் கணக்கு கிடையாது. போன மாதக் கூட்டம் முடிந்து பாயைச் சுருட்டுகிற நேரத்தில் ஒரு அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டாங்க. அதற்குப் பதில் சொல்லத்தான் நிற்கிறேன்.

அவங்க கேட்டது இதுதான். "எம் மக டாக்டராவணும்னு சொல்லுதா. சும்மா டாக்டர் இல்லையாம். தம்பிமாருக்கு வந்தது என்னன்னு கண்டுபிடிக்கிற டாக்டராம். அந்த டாக்டருக்கு என்ன படிக்கணும்? எத்தன வருசம் ஆவும்? நம்மளால முடியுமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் எம்.எஸ்.டபிள்யூ. படித்தவள், மருத்துவம் படித்தவள் இல்லை. "விசாரிச்சுச் சொல்றேன்க்கா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஒரு மாதமாக விசாரித்ததை அந்த அக்காவின் சம்மதத்தோடு உங்கள் எல்லாருக்கும் பொதுவில் சொல்கிறேன். பேரைச் சொல்லப் போவதில்லை. யாரும் திரும்பித் திரும்பிப் பார்க்கவும் வேண்டாம்.

அந்த அக்காவுக்கு மூத்தது பெண். இப்போது அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு, உயிரியல் பிரிவு. அவளுக்குப் பின்னால் இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்தார்கள். இரண்டும் சுகப்பிரசவம். நல்ல எடை, நல்ல அழுகை. நாலு நாள் நன்றாகப் பால் குடித்தது. ஐந்தாம் நாள் காம்பைப் பிடிக்கவில்லை, எழுப்பினாலும் முழிக்கவில்லை. பிறகு உடம்பு விறைத்தது, வெட்டி வெட்டி இழுத்தது. பெரியவன் பதிமூன்றாம் நாள் போனான், சின்னவன் பதினோராம் நாள். ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் கிருமி என்று எழுதிக் கொடுத்தார்கள். வீட்டில் தோஷம் என்றார்கள். "ஆம்பளப் பிள்ளை தங்காத வயிறு" என்ற பேர் அந்த அக்காவுக்கு வந்தது. அந்த வயிற்றில் பிறந்த பெண் பிள்ளை தம்பிமார் இரண்டு பேரையும் பார்த்தவள்.

இதெல்லாம் உங்களில் பலருக்குத் தெரிந்த கதைதான். தெரியாதது ஒன்று இருக்கிறது. இரண்டு பிள்ளைகளின் மூத்திரத் துணியிலும் வெல்லப்பாகு அடிப்பிடித்த மாதிரி ஒரு வாசனை வந்திருக்கிறது. கரும்பு விளைகிற ஊர்க்காரங்களுக்கு அந்த வாசனை தெரியாதா? முதல் பிள்ளையிலேயே கவனித்திருக்காங்க. இரண்டாவது பிள்ளைக்கும் அதே வாசனை வந்ததும் பயந்துபோய் ஆஸ்பத்திரியில் பார்த்தவங்க எல்லாரிடமும் சொல்லியிருக்காங்க. "துணியை நல்லா அலசும்மா" என்று பதில் வந்திருக்கிறது.

திருநெல்வேலியில் எனக்குத் தெரிந்த ஒரு குழந்தை மருத்துவரிடம் இதைச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அந்த வாசனையைப் பேரிலேயே வைத்திருக்கிற ஒரு நோய் இருக்கிறது என்றார். வெளிநாட்டில் மேப்பிள் என்று ஒரு மரம். அதன் சாற்றைக் காய்ச்சிப் பாகு எடுப்பார்களாம், நாம் பதனீரைக் காய்ச்சுகிற மாதிரி. அந்தப் பாகு வாசனை பிள்ளையின் மூத்திரத்தில் வருவதால் மேப்பிள் சிரப் யூரின் டிசீஸ் என்று பேர். "அந்தப் பிள்ளைகளுக்கு அதுதான்னு இப்ப நான் உறுதியாச் சொல்ல முடியாதும்மா. ரத்தம் இல்லை, ரிப்போர்ட்டும் இல்லை. ஆனா அந்தம்மா சொன்னதை அன்னைக்கே ஒருத்தர் காதுல வாங்கியிருக்கணும்" என்றார்.

இது என்ன மாதிரி நோய் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குத் தளம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். உங்களில் பாதிப் பேர் அந்த வேலைக்குப் போனவங்கதான். கலவைச் சட்டி கீழே இருந்து மேலே வரைக்கும் வரிசையாகக் கை மாறும். நடுவில் ஒருத்தி வேலைக்கு வரவில்லை, அந்த இடம் காலி என்றால் என்ன ஆகும்? அவளுக்கு முன்னால் நிற்கிறவளிடம் சட்டி குவியும். அடுத்து நிற்கிறவள் வெறுங்கையோடு நிற்பாள். நாம் சாப்பிடுகிற சோறு, பருப்பு, பால் எல்லாம் உடம்புக்குள் இப்படிப் பல கை மாறித்தான் சதையாகவும் பலமாகவும் ஆகிறது. அந்தக் கைகளுக்கு நொதி என்று பேர், டாக்டர்கள் என்சைம் என்பார்கள். பிறக்கும்போதே ஒரு நொதி இல்லாமலோ வேலை செய்யாமலோ இருந்தால், கை மாற வேண்டிய பொருள் ரத்தத்தில் குவிந்துபோகும். சில பொருள் குவிந்தால் மூளைக்கு விஷம்.

அப்படியென்றால் பிறந்த அன்றைக்குப் பிள்ளை எப்படி நன்றாக இருந்தது? நானும் இதைக் கேட்டேன். வயிற்றுக்குள் இருக்கிற வரைக்கும் நச்சுக்கொடி வழியாகத் தாயின் உடம்பே பிள்ளைக்கும் சேர்த்து வேலை பார்த்துவிடுகிறதாம். கொடியை அறுத்த பிறகு பிள்ளை தன் உடம்பை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். அதனால்தான் சில நாள் கழித்து நோய் தெரிகிறது. தாய்ப்பாலில் குற்றம் இல்லை, தாயிடமும் குற்றம் இல்லை. இதைக் கேட்டுவிட்டு யாரும் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைக்குப் பாலை நிறுத்திவிடாதீர்கள். எந்தப் பிள்ளைக்கு எதை நிறுத்துவது என்று பரிசோதனை பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இந்த மாதிரி நோய்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. சிலதுக்கு வைத்தியம் ரொம்ப எளிது. பயோட்டினிடேஸ் என்ற நொதி குறைந்த பிள்ளைக்கு பயோட்டின் என்ற வைட்டமினைத் தினமும் கொடுத்தாலே போதும், ஆயுள் முழுக்க நன்றாக இருக்கும். கொடுக்காவிட்டால் வலிப்பு வரும், காதும் கண்ணும் போகலாம். கேலக்டோசீமியா என்று ஒன்று. அந்தப் பிள்ளைக்குத் தாய்ப்பாலோ மாட்டுப்பாலோ ஆகாது, சோயாவில் செய்த பால் மாவு கொடுத்து வளர்க்க வேண்டும். மேப்பிள் நோய்க்கு ஆயுள் முழுக்கக் கணக்குப் போட்ட சாப்பாடும் தனி மாவும் வேண்டும். காஷே என்று ஒரு நோய். அதற்கு இல்லாத நொதியையே மருந்தாக ஊசியில் ஏற்றுகிறார்கள், அந்தச் செலவு லட்சக்கணக்கில் போகும்.

இந்த மருத்துவம் எப்படி வந்தது என்று படித்தபோது எனக்கு அந்த அக்கா ஞாபகம்தான் வந்தது. நார்வே நாட்டில் போர்க்னி எகெலன்ட் என்று ஒரு தாய். லிவ் என்று ஒரு பெண், டாக் என்று ஒரு பையன். பிறந்தபோது நன்றாக இருந்த இரண்டு பிள்ளைகளுக்கும் வளர வளர புத்தி வளரவில்லை. பிள்ளைகளிடம் ஏதோ ஒரு விநோத வாசனை வருகிறது என்று அந்தத் தாய் டாக்டர் டாக்டராகப் போய்ச் சொல்லியிருக்கிறார். யாரும் பெரிதாக எடுக்கவில்லை. கடைசியில் 1934-ல் அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற டாக்டர் காது கொடுத்தார். அவர் மருத்துவத்தோடு ரசாயனமும் படித்தவர். மூத்திரத்தில் ஃபெரிக் குளோரைடு என்ற ரசாயனத்தைச் சொட்டுவிட்டார், பச்சையாக மாறியது. மேற்கொண்டு ஆராய நிறைய மூத்திரம் வேண்டியிருந்தது. அந்தத் தாய் லிட்டர் லிட்டராகச் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். பினைல்கீட்டோனூரியா என்ற நோய் அப்படித்தான் உலகத்துக்குத் தெரிந்தது.

அந்த இரண்டு பிள்ளைகளையும் குணமாக்க முடியவில்லை. நோய்க்குப் பேர் கிடைத்தது, வைத்தியம் கிடைக்கவில்லை. 1951-ல் இங்கிலாந்தில் பர்மிங்காம் ஊரில் ஷீலா என்று 17 மாதக் குழந்தைக்கு அதே நோய். ஹோர்ஸ்ட் பிக்கல் என்ற டாக்டர் வைத்தியம் இல்லை என்று சொன்னார். ஷீலாவின் அம்மா விடவில்லை. தினமும் காலையில் ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்று என் பிள்ளைக்கு ஏதாவது வழி கண்டுபிடித்தாயா என்று கேட்டிருக்கிறார். அந்தத் தொல்லை தாங்காமலோ என்னவோ, பிக்கலும் அவருடைய கூட்டாளிகளும் பிள்ளையின் உடம்பில் குவிகிற அந்த ஒரு பொருளை மட்டும் நீக்கி ஒரு உணவு தயாரித்தார்கள். சில மாதத்தில் பிள்ளை தவழ்ந்தது, பிடித்துக்கொண்டு நின்றது. ஆனால் மூளை ஏற்கெனவே கெட்டுப்போயிருந்ததால் முழுசாகத் தேறவில்லை. இதில் எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. உணவால்தான் தேறியதா என்று பார்க்க, அம்மாவிடம் சொல்லாமலே அந்தப் பொருளைத் திரும்பக் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். பிள்ளை மறுபடி நலிந்தது. இன்றைக்கு அப்படிச் செய்தால் விடமாட்டார்கள்.

நோய் முற்றும் முன்னே கண்டுபிடிக்க வேண்டும் என்று 1960-களில் அமெரிக்காவில் ராபர்ட் கத்ரி என்பவர் ஒரு வழி செய்தார். பிறந்த பிள்ளையின் குதிகாலில் குத்தி, சில சொட்டு ரத்தத்தைத் தடித்த காகிதத்தில் ஒற்றிக் காயவைத்துச் சோதிப்பது. இப்போது அந்தக் காய்ந்த சொட்டை வைத்தே ஒரே நேரத்தில் பல பத்து நோய்களைப் பார்க்கிற இயந்திரம் இருக்கிறது. பல நாடுகளில் பிறக்கிற பிள்ளை எல்லாவற்றுக்கும் இந்தச் சோதனையைச் செய்கிறார்கள். நம் நாட்டில் இன்னும் எல்லா இடத்திலும் இல்லை.

சரி, அக்காவின் கேள்விக்கு வருகிறேன்.

பதினொன்று, பன்னிரண்டில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படிக்க வேண்டும். பிறகு நீட் தேர்வு, 720 மதிப்பெண்ணுக்கு. தமிழிலும் எழுதலாம். இந்தத் தேர்வு நியாயமா இல்லையா என்று நாட்டில் பெரிய வாக்குவாதம் நடக்கிறது, எனக்கும் ஒரு கருத்து உண்டு. ஆனால் பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது அதைப் பேசிப் பலன் இல்லை. தேர்ச்சி பெற்று இடம் கிடைத்தால் எம்.பி.பி.எஸ். நாலரை வருடம், ஆஸ்பத்திரிப் பயிற்சி ஒரு வருடம், ஆக ஐந்தரை. அதற்கு மேல் இன்னொரு தேர்வு எழுதி எம்.டி. மூன்று வருடம். நம் பிள்ளைக்குக் குழந்தை மருத்துவம்தான் பொருந்தும் என்று நினைக்கிறேன். அதற்கும் மேல் இன்னொரு தேர்வு எழுதி டி.எம். என்ற படிப்பு மூன்று வருடம். மருத்துவ மரபியல் என்று அந்தத் துறைக்குப் பேர். நம் நாட்டில் இந்த நோய்களை அந்தத் துறை டாக்டர்கள்தான் பார்க்கிறார்கள். கூட்டிப் பாருங்கள், பதினொன்றரை வருடம். பதினெட்டு வயதில் ஆரம்பித்து எங்கேயும் தடங்கல் வராவிட்டால் முப்பது வயது ஆகிவிடும். நீட்டுக்கே இரண்டாம் தடவை உட்காருகிற பிள்ளைகள் ஏராளம்.

("முப்பது வயசா! அதுக்குள்ள நான் பேத்தி எடுத்துருவேனே!" என்று ஒரு குரல். கூட்டத்தில் சிரிப்பு.)

சிரியுங்கள், பரவாயில்லை. எனக்கும் முப்பத்தைந்து ஆகிறது, எங்க அம்மாவும் இப்படித்தான் சொன்னாங்க.

டி.எம். எல்லா ஊரிலும் கிடையாது. லக்னோவில் சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவ நிறுவனம், டெல்லி எய்ம்ஸ், ஹைதராபாத் நிஜாம் நிறுவனம், நமக்குப் பக்கத்தில் வேலூர் சி.எம்.சி. என்று குறைந்த இடங்கள்தான். வேலூரைப் பற்றி ஒரு வார்த்தை. ஆண் டாக்டர் பார்க்கக் கூடாது என்று வீட்டார் தடுத்ததால் பிரசவத்தில் செத்துப்போன பெண்களைக் கண்டு, டாக்டருக்குப் படித்து வந்த ஐடா ஸ்கடர் ஆரம்பித்த ஆஸ்பத்திரி அது. 1918-ல் அங்கே அவர் தொடங்கிய மருத்துவப் பள்ளி பெண்களுக்கு மட்டுமான பள்ளியாகத்தான் இருந்தது.

இனி பணம். இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். 2020-ல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்து நீட் தேர்ச்சி பெற்ற பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் நூற்றுக்கு ஏழரை இடம் தனியாக ஒதுக்கினார்கள். முதல் வருடமே 300-க்கும் மேற்பட்ட எம்.பி.பி.எஸ். இடம் இதில் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேருகிறவர்களுக்குக் கல்லூரிக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்பதாக அறிவித்தது. எம்.பி.பி.எஸ். கடைசி வருடப் பயிற்சியில் இருந்து மாதாமாதம் உதவித்தொகை உண்டு. எம்.டி., டி.எம். படிக்கும்போதும் உண்டு. ஆக, பதினொன்றரை வருடமும் நாம்தான் வட்டிக்கு வாங்கிக் கட்ட வேண்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இங்கேதான் எனக்கு ஒரு வருத்தம். நம் குழுக்களில் உள்கடன் விண்ணப்பம் பார்க்கிறேன். "பிள்ளையை ஒன்பதாம் வகுப்புல மெட்ரிக் பள்ளிக்கு மாத்தணும்", "பிளஸ் ஒன்னுக்கு டவுன் பள்ளியில சேக்கணும்" என்று கடன் கேட்கிறீர்கள். கடன் கேட்பது உங்கள் உரிமை. ஆனால் ஆறாம் வகுப்பில் இருந்து அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளையை நடுவில் தனியார் பள்ளிக்கு மாற்றினால் அந்த ஏழரை சதவீதம் கையை விட்டுப் போகும். கடன் வாங்கி அந்த வாய்ப்பை இழக்கிறோம். டாக்டராக ஆசைப்படுகிற பிள்ளை இருந்தால் மாற்றும் முன்னே ஒரு தடவை யோசியுங்கள். படித்த பள்ளிகளில் படிப்புச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்று எல்லாவற்றையும் பன்னிரண்டாம் வகுப்பு ஆரம்பத்திலேயே தயார் செய்துவிடுங்கள். கலந்தாய்வு நேரத்தில் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்று அழுதவங்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்தப் படிப்பில் என்ன சொல்லித் தருகிறார்கள்? காரணம் தெரியாமல் மயங்கிக் கிடக்கிற பச்சைப்பிள்ளை வந்தால் கிருமி என்று மட்டும் நினைக்காமல் ரத்தத்தில் அம்மோனியா பார்க்க வேண்டும். அந்த ரத்தத்தை ஐஸில் வைத்து உடனே ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும், தாமதமானால் அளவு தப்பாகக் காட்டும். கொஞ்ச நேரம் பாலை நிறுத்தி நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். பிள்ளை பிழைத்த பிறகு சாப்பாட்டுக் கணக்கு. இரண்டு இட்லியில் எவ்வளவு புரதம், ஒரு கரண்டி பருப்பில் எவ்வளவு என்று உணவியல் நிபுணரோடு உட்கார்ந்து கிராம் கணக்கில் எழுதித் தர வேண்டும். முன்னாடி பிறந்த பிள்ளைகளைப் பற்றிக் கேட்க வேண்டும். வாசனை ஏதாவது வந்ததா என்று தாயிடம் கேட்க வேண்டும். ஆமாம், அது பாடத்திலேயே இருக்கிறது.

அப்புறம் குடும்ப மரம் வரைவது. ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம் போட்டு, தாத்தா பாட்டி வரைக்கும் வரைவார்கள். புருஷன் பொண்டாட்டி சொந்தம் என்றால் நடுவில் இரட்டைக் கோடு. நம் ஊர்ப் பக்கம் எத்தனை வீட்டில் இரட்டைக் கோடு விழும்? 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்குச் சுமார் 28 பெண்கள் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள். எங்க அப்பா அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள்தான். நான் நன்றாகத்தான் நிற்கிறேன். அதனால் சொந்தத்தில் கட்டினாலே நோய் என்று யாரும் பயப்பட வேண்டாம். சாதாரணமாக நூறு பிள்ளைக்கு 2, 3 பேருக்குப் பிறவிக் கோளாறு வரும் என்றால், அத்தை மகன், மாமன் மகள் கட்டினால் 4 முதல் 6 பேர் வரை வரலாம். தாய்மாமனைக் கட்டினால் ரத்தம் இன்னும் நெருக்கம்.

எப்படி வருகிறது என்று காட்ட நாலு புளியங்கொட்டை கொண்டுவந்திருக்கிறேன். முன்னால் இருக்கிற இரண்டு பேர் வாங்க. இந்த அக்கா அம்மா, இந்த மதினி அப்பா. (சிரிப்பு.) ஆளுக்கு இரண்டு கொட்டை. ஒன்று நல்லது, ஒன்று சொத்தை. ஒரு நல்ல கொட்டை இருந்தாலே உடம்புக்குப் போதும், அதனால் இரண்டு பேருக்கும் எந்த நோயும் இல்லை, தங்களிடம் சொத்தை இருப்பதே தெரியாது. நம் எல்லாரிடமும் ஏதோ ஒன்றில் சொத்தை இருக்கத்தான் செய்கிறது. இப்போது கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கு ஒரு கொட்டை எடுத்துப் பிள்ளைக்குக் கொடுங்கள். இரண்டும் நல்லது வரலாம். ஒன்று நல்லது, ஒன்று சொத்தை வரலாம், அது இரண்டு விதமாக வரும். இரண்டும் சொத்தை வந்தால்தான் நோய். ஆக நாலில் ஒன்று. எடுத்த கொட்டையைத் திரும்பக் கையில் வைத்துவிட்டு அடுத்த பிள்ளைக்கு எடுங்கள். "ஒண்ணு போச்சு, இனி மூணு நல்லா பிறக்கும்" என்று சொல்கிறார்களே, அது தப்பு. ஒவ்வொரு பிரசவத்துக்கும் புதுசாகத்தான் கொட்டை எடுக்கிறோம். இன்னொன்றையும் பாருங்கள். இரண்டு பேர் கையில் இருந்தும் சொத்தை வந்தால்தான் நோய். பிறகு பழி மட்டும் ஏன் பொம்பளை தலையில்?

அந்த அக்கா கட்டியிருப்பது தாய்மாமனை. இரண்டு பேரும் ஒரே தாத்தா பாட்டியின் கொட்டையை வாங்கியிருக்கலாம். அந்தப் பெண் பிள்ளைக்கு நோய் இல்லை. ஆனால் தம்பிமாருக்கு வந்தது இந்த வகை நோய்தான் என்றால், அவளிடம் ஒரு சொத்தைக் கொட்டை இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. அவளுக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. அதே சொத்தை வைத்திருக்கிற ஒருவரைக் கட்டினால்தான் அவள் பிள்ளைகளுக்குப் பாதிப்பு வரலாம். அந்த வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் அவளை அப்பா வழி அத்தை மகனுக்குக் கொடுப்பதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. படிப்பும் அதோடு நிற்கும். இதைச் சொல்லும்போது அந்த அக்கா முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

இதற்கு வழி உண்டு. பிள்ளைகள் போய்விட்டாலும் தாய் தகப்பன் ரத்தத்தில் இருந்தே அந்தச் சொத்தை எது என்று தேடிப் பார்க்க முடியும். அது தெரிந்தால் இனி வருகிற பிள்ளைகளுக்கு வயிற்றிலேயே சோதிக்கவும் வழி இருக்கிறது. ஆணா பெண்ணா என்று மட்டும் சொல்லக் கூடாது, அதற்கு 1994-லேயே சட்டம் வந்துவிட்டது.

எங்கே போவது? முதலில் நம்ம ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக் குழந்தைகள் பிரிவு. 2021-ல் மத்திய அரசு அபூர்வ நோய்களுக்கு ஒரு கொள்கை கொண்டுவந்து சில ஆஸ்பத்திரிகளைத் தனிச் சிறப்பு மையமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் சென்னை எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி. கேரளாவில் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியின் எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரி, தென்காசிக்காரங்களுக்குச் சென்னையை விட அது கிட்டே. இந்த மையங்கள் வழியாகச் சிகிச்சைக்கு உதவி கிடைக்கும், 2022-ல் அதன் உச்ச அளவை 50 லட்சம் ரூபாய் ஆக்கினார்கள். ஆயுள் முழுக்க மருந்து வேண்டிய பிள்ளைக்கு அது போதாது என்று பெற்றோர் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

கர்ப்பிணிகள் இருக்கிறீர்கள். நல்லாப் பால் குடித்த பிள்ளை திடீரென்று குடிக்காமல் துவண்டால் ஒரு ராத்திரி கூட வீட்டில் வைக்காதீர்கள். முன்னால் பிள்ளை இறந்திருந்தால், சொந்தத்தில் கட்டியிருந்தால், வாசனை வந்தால், கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள். கேட்காத மாதிரி இருந்தால் திரும்பச் சொல்லுங்கள்.

டாக்டர் இடம் கிடைக்காமல் போனால்? அந்தப் பிள்ளையிடம் இதையும் பேசினேன். இந்தத் துறையில் சாப்பாட்டுக் கணக்கு போடுகிற உணவியல் நிபுணர் வேண்டும், ரத்தம் சோதிக்கிற உயிர்வேதியியல் படித்தவர் வேண்டும், குடும்ப மரம் வரைந்து பேசுகிற மரபியல் ஆலோசகர் வேண்டும். "அதெல்லாம் அப்புறம் பாக்கலாம் அக்கா, மொதல்ல நீட் எழுதுதேன்" என்று சொல்லிவிட்டாள்.

இப்போது நிலவரம். கல்யாணப் பேச்சைப் பன்னிரண்டாம் வகுப்பு முடிகிற வரைக்கும் தள்ளி வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் அவள் அப்பா வாக்குக் கொடுக்கவில்லை. பரிசோதனைக்கு அவரும் வர வேண்டும். முதலில் மாட்டேன் என்றார், போன வாரம் சரி என்றிருக்கிறார். நானும் அந்த அக்காவும் உட்கார்ந்து இரண்டு பிள்ளைகளின் விவரத்தையும் ஒரு தாளில் எழுதினோம். பிறந்த தேதி, பால் நிறுத்திய நாள், வலிப்பு வந்த நாள், வாசனை. கடைசி வரியை அந்தப் பெண் பிள்ளைதான் தன் கையால் எழுதினாள். அடுத்த மாதம் அந்தத் தாளோடு அவங்க மூன்று பேரும் நானும் திருவனந்தபுரம் போகிறோம். பஸ் செலவுக்குக் குழுவில் உள்கடன் கேட்டிருக்காங்க. அந்தத் தீர்மானத்தை இன்றைக்கு நிறைவேற்ற வேண்டும். ஆக, கடைசியில் கணக்குப் புத்தகத்தை எடுக்கத்தான் வேண்டியிருக்கிறது பெரியம்மா.